ஆறிலிருந்து ஏழு வரை

சுவரை இடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
கதவைத் திறந்த எல்லோரும்
இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

கேட்டது ஒரு மணி நேரம்.
மாலை ஆறுக்குப் பூட்டும் இரும்புக் கதவை
ஏழுக்குப் பூட்டினால் போதும்.
மருந்துக்கடை அந்தப் பக்கம்.
ஐந்தரைக்கு வேலை விடும் எனக்கு,
பேருந்து எப்போது வரும் என்பது
பெல்ஃபாஸ்ட் மழைக்குத்தான் தெரியும்.
கதவு வழியே நாற்பது தப்படி.
பூட்டிவிட்டால் சுற்றிக்கொண்டு இரண்டரை மைல்.
மகனுக்கு மூச்சிரைப்பு.
அவ்வளவுதான் என் அரசியல்.

சமாதானம் கையெழுத்தானபோது
எனக்கு வயது பதினொன்று.
அப்பா வானொலியை உரக்க வைத்தார்.
அன்று மாலையும்
ஆறுக்குப் பூட்டினார்கள்.

ஹேசலைப் பார்த்தது மருந்து வரிசையில்.
அவள் கையிலும் அதே நீல இன்ஹேலர்.
"உங்க பக்கமும் பூஞ்சையா?" என்றாள்.
சுவரையொட்டிய வீடுகளுக்கு
வெயில் மதியத்துக்கு மேல்தான்.
அவள் பக்கம் காலையோடு சரி.

எங்கள் பக்கம் இருநூற்றுப் பதினான்கு வீடு,
அவர்கள் பக்கம் நூற்றெண்பத்தேழு.
அட்டையில் செருகிய தாள்,
நூலில் கட்டிய பேனா.
முதல் வாரம் ஹேசல் எங்கள் தெருவில்
விளக்குக் கம்பத்தடியில் நின்றாள்,
மூன்றாம் வாரம் வாசற்படி வரை வந்தாள்.
அவள் தெருவில் நானும் அப்படியே,
வாயைத் திறக்காமல்.
என் பெயர் டிம்ப்னா.
அந்தப் பெயரைச் சொன்னாலே போதும்,
எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஒன்பதாம் எண் மாலக்கி.
"என் தம்பியைக் கொன்னவன் எந்த வழியா வந்தான், தெரியுமா?"
தெரியும்.
தெருவுக்கே தெரியும்.
அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு
நின்றேன்.
கதவை அறையவில்லை அவர்,
மெதுவாகத்தான் சாத்தினார்.
அறைந்திருக்கலாம்.

அலுவலகத்தில் கேட்டோம், சுவர் யாருடையது?
சுவர் ஒரு துறை, கதவு ஒரு துறை,
சாலை நகராட்சி, சாவி ஒப்பந்தக்காரர்.
பதினான்கு மாதம்.
தேநீர் மட்டும் தவறாமல் கொடுத்தார்கள்.

முதல் நாள், ஆறு மணி.
சாவிக்காரர் மெர்வின்
வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்தார்.
இந்தப் பக்கம் நாற்பது பேர்,
அந்தப் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு.
திறந்தே கிடந்தது கதவு.
ஒருவரும் தாண்டவில்லை.
ஆறே கால். ஆறு இருபது.
கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு
யார் உட்காருவது என்று பார்ப்பதுபோல்
முகத்தை முகம் பார்த்துக்கொண்டு.

அப்போது சைக்கிளில் ஒரு பையன்,
முதுகில் உணவுப் பெட்டி, சூடானிலிருந்து வந்தவன்,
கூட்டத்தைப் பார்த்து மணியடித்து
நேராக உள்ளே வந்து
"முப்பத்தொன்னாம் நம்பர் எது?" என்றான்.
யாரோ சிரித்துவிட்டார்கள்.
நான் போய் இருமல் மருந்து வாங்கினேன்.
வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்காக அலைகிறோம்.
ஞாயிறு கதவு திறப்பதே இல்லை.
புதுத் தாள், அதே பேனா.
ஒன்பதாம் எண்ணை விட்டுவிடலாம் என்றேன் நான்.
ஹேசல் ஏற்கெனவே தட்டிவிட்டாள்.

மாலக்கி கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு
தாளின் இரண்டு பக்கமும் படித்தார்.
"ஞாயித்துக்கிழமை மருந்துக்கடையே கிடையாதே."

உண்மைதான்.
நாங்கள் யோசிக்கவே இல்லை.

"அப்புறம் எதுக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை.
ஹேசல் மழையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்,
"சும்மா.
சும்மா போயிட்டு வர."

அவர் கையெழுத்துப் போடவில்லை.
அந்தச் சொல்லைக் கேட்டது
எத்தனை வருடம் கழித்தோ,
பேனாவைப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தார்.